மாகௌதாவின் மஞ்சள் ஆடுகள்

எங்கள் நூற்புக் குடிசையில் மாகௌதாவுக்கு வாய்க்காரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வோம், அவளும் மறுத்ததில்லை. ராட்டையை மிதித்துக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள், நூல் மட்டும் சீராக வந்துகொண்டிருக்கும். நாங்கள் பேசினால் நூல் முடிச்சு முடிச்சாக விழும். அதற்கும் அவளிடம்தான் பேச்சு வாங்க வேண்டும். தண்ணீருக்குப் போனால் தலையில் வாளி, கையில் பின்னல் ஊசி. ஊற்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு காலுறை குதிகால் வரை வளர்ந்திருக்கும்.

எங்கள் பக்கம் ஜூன் என்றால் குளிர்காலம், மலையில் வாளித் தண்ணீர் விடிவதற்குள் உறைந்து கட்டியாகிவிடும். வயலில் வேலை கிடையாது. பெண்கள் எல்லோரும் குடிசையில் கூடிவிடுவோம். நடுவில் வறட்டி நெருப்பு, அதன்மேல் சாயப் பானை. ஒருத்தி ரோமம் சீவுவாள், ஒருத்தி நூற்பாள், ஒருத்தி பின்னுவாள். வெங்காயத் தோல் கொதிக்கிற வாசனை போர்வையில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்கள் போட்டிருக்கிற ஸ்வெட்டர் எங்கிருந்து வந்ததாம்?

ஒரு வருஷம் குளிருக்குச் சற்று முன்னால் மாகௌதாவின் புருஷன் மொகேதே இறந்துபோனான். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நல்ல மனுஷன். அவள் வாய்க்கு ஈடுகொடுத்துச் சிரித்துக்கொண்டே வாழ்ந்தவன். அவன் விட்டுப்போனது ஒரு கல் வீடு, கௌதா என்கிற பெண் பிள்ளை, முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான ஆடுகள். சுருள் சுருளாக வெள்ளை ரோமம் தொங்குகிற ஆடுகள். ஒவ்வொன்றையும் குட்டியிலிருந்து அவளும் அவனுமாக வளர்த்தது. வருஷா வருஷம் கத்தரித்த ரோமத்தில் பாதியை அவன் ரோமம் வாங்குகிற கொட்டகையில் விற்பான், பாதியை அவள் நூற்பாள். அதில்தான் அடுப்பு எரிந்தது.

அவளுக்குத் துக்கத்துக்குரிய கறுப்பு உடை போட்டார்கள். கறுப்புப் போட்டவளுக்கு எங்கள் பக்கம் சட்டம் நிறைய. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். சத்தமாகப் பேசக்கூடாது. எந்தப் பட்டிக்குள்ளும் காலெடுத்து வைக்கக்கூடாது, சாவின் நிழல் ஆடு மாட்டின்மேல் விழுந்துவிடும். கறுப்பைக் கழற்றி எரிக்கிற நாள் வரை இப்படித்தான்.

மொகேதேயின் தம்பி பாகிசோ இந்தச் சட்டங்களை நன்றாகப் படித்து வைத்திருந்தான். குழிமண் காய்வதற்குள் வந்து நின்றான். நான் அப்போது அவள் வீட்டில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, ஆடுங்களை நம்ம பட்டிக்கு ஓட்டிட்டுப் போறேன்," என்றான்.

"எந்த நம்ம பட்டி?"

"என் பட்டிதான். நீங்க உள்ள போகக்கூடாதுல்ல? யாரு திறக்குறது, யாரு அடைக்குறது? கறுப்பு கழற்றட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"கறுப்பு கழற்றுறதுக்குள்ள ரோமம் கத்தரிக்கிற காலம் வந்துடுமே, தம்பி."

"நான் கத்தரிச்சுக்கறேன். உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?"

"அதான் எனக்குக் கவலையே," என்றாள் மாகௌதா.

குடும்பத்தில் மூத்தவர் கொவாபானே. மொகேதேவுக்கும் பாகிசோவுக்கும் பெரியப்பா. அவரிடம் போனாள். பெரியவர் தாடையைத் தடவிக்கொண்டார். வழக்கத்தை மீற முடியாதம்மா, ஆடுகள் பாகிசோ பட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆடுகள் போயின. எங்கள் எல்லோருக்கும் தெரியும், இந்த வருஷம் ரோமம் போனால் அடுத்த வருஷம் ஆடே போகும். பெண் பிள்ளை மட்டும் இருக்கிற வீட்டில் எத்தனை இப்படிப் போயிருக்கின்றன. எனக்கு வயிறு எரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

மறுநாள் அவள் கறுப்பு உடையோடு குடிசைக்கு வந்து சாயப் பானைப் பக்கம் உட்கார்ந்தாள். ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள், கறுப்புப் போட்டவ கை பட்டா நிறம் செத்துடும்னு சொல்லுவாங்களே என்று.

"செத்தா அதுக்கும் ஒரு கறுப்பு போட்டு விடுங்க," என்றாள் மாகௌதா. பானையைக் கிளறினாள். நூல் பளிச்சென்று மஞ்சளாக வந்தது. சொன்னவளே தன் நூலையும் எடுத்து நீட்டினாள்.

ஆனால் கையிருப்பு ரோமம் குறைந்துகொண்டே வந்தது. சீவும் பலகையில் ஒட்டியதைக்கூடப் பிடுங்கி நூற்றாள். ஒரு நாள் கூடை காலி. ராட்டையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"மாபொலேலோ அக்கா, கொட்டகையில கறை பட்ட ரோமத்தை எடுப்பாங்களா?"

"ஆட்டுக்கு அடையாளம் வைக்கிற மை ஒரு சொட்டு பட்டாலே தூக்கி எறியுறாங்க. உனக்குத் தெரியாததா?"

"நம்ம எடுப்போமா?"

"நமக்கென்ன? நாமதான் எப்படியும் சாயம் போடப்போறோமே," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். "ஏய், என்ன யோசிக்கிற நீ?"

"நூலுக்குப் போடுற சாயத்தைக் கொஞ்சம் முன்னாடியே போட்டுடலாம்னு யோசிக்கிறேன்."

பாகிசோ ஆடு மேய்ப்பது உலகத்துக்கே தெரிந்த கதை. வெயில் ஏறியதும் குடிசைக்குக் கீழே இருக்கிற ஓடையில் ஆடுகளைத் தண்ணீருக்கு விடுவான். எந்த வீட்டுக் கூரையில் வெள்ளைக் கொடி பறக்கிறதோ அந்த வீட்டில் அன்றைக்குச் சோளக்கள் தயார். அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். வெயில் இறங்கும்போதுதான் அவனுக்கு ஆடு ஞாபகம் வரும்.

எங்கள் வீட்டு வெங்காயத் தோல் எல்லாவற்றையும் வாரினோம். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேட்டு வாங்கினோம். படிகாரம் போட்டு, தோல் கரைந்து கூழாகும் வரை காய்ச்சினோம். கொதிக்கிற சாயத்தை உயிருள்ள ஆட்டின்மேல் ஊற்ற முடியாது. வெதுவெதுப்பாகத் தொட்டால் நூலில் ஏறுகிற மாதிரி ஆழமாக ஏறாது. ஆனால் எங்களுக்குத் தேவை அழகு இல்லை, கறை. ஆறவிட்ட பானையைப் போர்வையில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓடைக்கு இறக்கினோம். குளிர்காலத்தில் ஈரமாகிற ஆடு செத்துப்போகும் என்ற பயம் எனக்கு இருந்தது. அவளுக்கும் இருந்தது. அதனால்தான் காற்றில்லாத நாட்களாக, உச்சி வெயிலாகப் பார்த்துப் போனாள். ஒரு தடவைக்குச் சில ஆடுகள் மட்டும். துணியைப் பிழிந்து முதுகிலும் விலாவிலும் தேய்ப்பாள், காய்ந்த சாக்கால் துடைப்பாள், பாறை நிழல் படாத இடத்தில் நிறுத்துவாள், முதுகு காய்ந்த பிறகுதான் விடுவாள்.

ஆடுகள் ஓடவில்லை. அவள் உப்புக்கல்லை நீட்டி நாக்கைச் சொடுக்கினாள், அவ்வளவுதான். கறுப்பு உடைக்குள் இருப்பது யாரென்று அவற்றுக்குத் தெரிந்தது. ஒரு கிழட்டுப் பெட்டை ஆடு அவள் மடியில் மூஞ்சியை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. அப்போதுதான், மொகேதே செத்த பிறகு முதல் தடவையாக, மாகௌதா அழுதாள். அழுதுகொண்டே தேய்த்தாள்.

முதல் நாளே பாகிசோ பார்த்திருக்க வேண்டும். ஆனால் கள் குடித்த கண்ணுக்கு, மாலை வெயிலில் எல்லா ஆடும் மஞ்சளாகத்தான் தெரிந்திருக்கும். கடைசி ஆடும் முடிந்த பிறகு ஒரு காலை, பட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தான். அவன் போட்ட சத்தம் எங்கள் குடிசை வரை கேட்டது.

நேரே வந்து வாசலில் நின்றான். "அண்ணி, ஆட்டை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"குளிப்பாட்டினேன்."

"கொட்டகையில ஒரு கைப்பிடி எடுப்பானா இனிமே?"

"எடுக்க மாட்டான்."

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே."

"உன் பொழப்பா? அது எப்போலேர்ந்து உன் பொழப்பாச்சு, தம்பி?"

குடிசை முழுக்க ஊசிகள் நின்றுவிட்டன. அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான். எங்கள் விரல் நகமெல்லாம் மஞ்சள். நேரே பெரியவர் வீட்டுக்குப் போனான்.

பெரியவர் எல்லோரையும் கூட்டினார். கறுப்புப் போட்டவள் என்பதால் மாகௌதா வாசலோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். பாகிசோ சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னான், சொல்லக்கூடாததையும் சொன்னான். சூனியக்காரி என்றுகூட ஒரு வார்த்தை விட்டான். கொவாபானே கையைத் தூக்கினார்.

"பட்டிக்குள்ள போனியாம்மா?"

"போகல, பெரிய மாமா. ஆடுங்கதான் ஓடைக்கு வந்துச்சு."

"பொழுது சாய்ஞ்ச பிறகு?"

"உச்சி வெயில்ல. மாபொலேலோ அக்காவைக் கேளுங்க."

"கறுப்பைக் கழற்றினியா?"

"பாருங்க," என்று கையை விரித்துக் காட்டினாள். கறுப்புத் துணி மேலிருந்து கீழ்வரை கறுப்பு. கை மட்டும் முழங்கை வரை மஞ்சள்.

"ஆடு எதாவது செத்துச்சா?" என்று பாகிசோவைக் கேட்டார்.

"சாகல. ஆனா பெரியப்பா, ஆடு மேய்க்கிறவன் கண்கொண்டு பார்க்குற மாதிரியா இருக்கு அது? ஊரே சிரிக்குது."

"பகல்ல உன் ஆட்டுக்குப் பக்கத்துல ஒருத்தி அத்தனை நாளு உக்காந்து சாயம் போட்டிருக்கா. நீ எங்க இருந்தே?"

கூட்டத்தில் யாரோ கொடி என்று முனகினார்கள். பெரியவர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். இருமுகிறார் என்று நினைத்தோம். தோள் குலுங்கிய பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"வழக்கத்துல எதையும் அவ மீறல," என்றார் கடைசியில். "மஞ்சள் ரோமம் உனக்கு எதுக்கும் ஆகாது. அவளுக்கு ஆகும். ஓட்டிட்டுப் போய் அவ வீட்டுப் பட்டியில விடு."

அன்று சாயங்காலம் பாகிசோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் நடுவே வந்தான். வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். "என்ன பாகிசோ, ஆடு பழுத்துடுச்சா?" என்று ஒருவன் கேட்டான். அவன் தலையைத் தூக்கவில்லை. மாகௌதா பட்டிக்கு வெளியே, கல் சுவரைத் தொடாமல், கையில் பின்னலோடு காத்திருந்தாள். ஆடுகள் அவளை உரசிக்கொண்டு உள்ளே போயின. அவன் படலைச் சாத்திக் கயிற்றைக் கட்டிவிட்டு, போதுமா என்பதுபோல் பார்த்தான்.

"காலையில வெயில் வந்ததும் வந்து திறந்துடு, தம்பி," என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சாயங்காலம் வந்து அடைச்சுடு. கறுப்பு கழற்றுற வரைக்கும் நான் உள்ள போகக்கூடாதே."