ஒட்சிசன் போன வில்லை

என் மகள் பிரியவதனி பல்கலைக்கழகத்தில் கறுப்பு வில்லைகள் செய்கிறவள். மூன்று தூள்களைக் கலந்து அரைத்து, அச்சில் அழுத்தி, உலையில் சுட்டு, ஒட்சிசன் வாயு ஓடவிட்டு மெதுவாக ஆறவைப்பாள். கொடுங்குளிரில் அந்த வில்லைக்குள் மின்சாரம் தடையில்லாமல் ஓடும். மேலே வைத்த காந்தம் அந்தரத்தில் மிதக்கும். மீகடத்தி என்று பெயர். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்து, நயினாதீவுப் படகில் கயிறு கட்டினவன். காந்தம் மிதந்ததைக் கண்ணால் கண்டபடியால் நம்புகிறேன்.

காந்தம் மிதக்க, வில்லைக்குள் ஒட்சிசன் வரிசையாக நிற்கவேண்டுமாம். கதிர்வீச்சுப் பட்டால் அந்த ஒட்சிசனுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஒரே தூளில் இரண்டு வில்லை செய்து, ஒன்றைக் கதிர் அடிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினாள். கதிர் படாத மற்றதை, ஒப்பிடுவதற்காகப் பத்திரப்படுத்தி, பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோது புளியங்கூடல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்கவேண்டும்.

பேத்திக்கு அன்று நாற்பதாம் நாள். குழந்தையைத் தோயவார்த்துத் துடைத்தபின் சாம்பிராணி போடுவது என் வேலை, அதை ஒருவருக்கும் விடமாட்டேன். சிரட்டைக்கரியை மூட்டிக்கொண்டிருந்தேன். மேசையில் ஒரு சோசரில் கறுப்புத் துண்டொன்று கிடந்தது. மனைவி இராசேஸ்வரி எடுத்துவைத்த கரி என்று நினைத்து, அதையும் தணலில் போட்டேன். தணல் தட்டைத் தொட்டிலடிக்குக் கொண்டுபோகமுன் பிரியவதனி வந்தாள்.

"படமெடுக்க வைச்ச வில்லை எங்க அப்பா?"

குறட்டால் கிளறி எடுத்தேன். சாம்பல் அப்பியிருந்தது.

"ஐஞ்சு வருசப் படிப்பைச் சாம்பிராணியாப் போட்டிட்டியள்," என்றாள் இராசேஸ்வரி. "பேத்தி வந்த சந்தோசப் புளுகத்தில கண்ணும் தெரியேல்லை."

மகள் கோபிக்கவில்லை. மேசையடிக் கதிரையில் அமர்ந்துவிட்டாள். அதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

"இனி ஒப்பிட ஏலாதோ பிள்ளை?"

"ஏலாது. நெருப்பு ஒட்சிசனைப் புடுங்கியிருக்கும்."

"அப்ப நிறையும் குறைஞ்சிருக்குமோ?"

"ஓம், துளி குறையும்."

"கதிர் அடிச்ச வில்லையும் குறைஞ்சுபோச்சோ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அனுப்பமுதல் தராசில நிறுத்தனான். போன கிழமை ஆய்வுகூடத்துக்குத் திரும்பி வந்தது, இன்னும் நிறுக்கேல்லை. கூட்டாளி வைச்சுப் பாத்தா, காந்தம் மிதக்கேல்லை. அதால ஒட்சிசன் வெளியில போயிட்டுது எண்டு எழுதிப்போட்டன்."

உடனே ஆய்வுகூடத்திலுள்ள அந்தக் கூட்டாளி நிசாந்தினிக்குத் தொலைபேசி எடுத்தாள். அரை மணித்தியாலத்தில் மறுமொழி வந்தது. தொலைபேசியை நடுவில் வைத்தாள்.

"மூண்டு தரம் நிறுத்தனான். ஒரு மாற்றமுமில்லை," என்றாள் நிசாந்தினி.

"நிறை குறையேல்லையெண்டா ஒட்சிசன் எங்க போனது?" நான் கேட்டேன்.

"எங்கயும் போகேல்லை அப்பா," என்றாள் மகள் மெதுவாக. "உள்ளுக்குத்தான் நிக்குது. கதிர் இடிச்சு வரிசையைக் குழப்பியிருக்கு. கடைசிப் படகுக்கு நிண்ட வரிசையைக் குழப்பினா எப்பிடியிருக்கும்?"

"ஆக்கள் இறங்குதுறையிலதான் நிப்பினம், ஒருத்தரும் ஏறமாட்டினம்."

"அப்பிடித்தான். நான் எழுதினது பிழை."

மிச்சத் தூளில் புது ஒப்பீட்டு வில்லை செய்து, வியாழனுக்குமுன் அளந்து தருவதாக நிசாந்தினி சொன்னாள். பிரியவதனி கணினியைத் திறந்து, எழுதியதில் நாலு பக்கத்தை அழித்தாள். பிறகு தொட்டிலிலிருந்து பேத்தியைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"நான் எழுதி முடிக்குமட்டும் வைச்சிருங்கோ. பால் குடிக்க மட்டும் கூப்பிடுங்கோ."

வெள்ளிக்கிழமைவரை அந்த வேலை எனக்குத்தான்.