தையலுக்கு முன் கேட்ட குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. நடந்தது ஒரு நர்ஸ் அக்காவுக்கு. இருபது வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் கத்தி எடுத்துக் கொடுப்பவர். பேய் என்றால் சிரிப்பவர்.

அன்று பட்டப்பகல். ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தவருக்கு அறுபது வயது. வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி, எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற நிலை. போதாக்குறைக்கு, குடலுக்குப் போகும் குழாய்களிலும் அடைப்பு. பெரிய டாக்டர் வீங்கிய இடத்தில் செயற்கைக் குழாயை வைத்துத் தைத்தார். அதிலிருந்து ஒரு சின்னக் கிளையைக் குடலுக்கு இணைத்தார். ரத்தத்தை நிறுத்தியிருந்த கிளாம்பை எடுத்ததும் வெளிறிய குடல் சிவந்தது. எல்லோருக்கும் போன உயிர் வந்தது.

மணி 3.05. வயிற்றை மூட நூல் கேட்டார் டாக்டர்.

அக்காவின் பிடரியில் ஜில்லென்று ஒரு மூச்சு. திரும்பினார். சுவர்தான்.

3.09. ம்ம்ம்... மெல்லிய முனகல்.

"மயக்கம் தெளியுதா?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"இல்லயே. நல்லாத் தூங்குறாரு," என்றார் மயக்க மருந்து டாக்டர்.

3.12.

"எரியுது... உள்ள பாருங்க..."

ஆண் குரல். மேஜையின் கால்மாட்டிலிருந்து.

அங்கே யாருமில்லை. படுத்திருந்தவர் வாயிலோ செயற்கை மூச்சுக்கான குழாய்; பேசவே முடியாது.

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. "யாரு பேசினது?"



"சார்... ஒரு தடவ பாத்துடலாமே," என்றார் அக்கா.

டாக்டர் குடலைத் தூக்கினார்.

சாம்பல் நிறம்.

கிளைக்குழாய் மடங்கி, ரத்தம் உறைந்திருந்தது. உறைந்ததை எடுத்து, குழாயை நிமிர்த்தி, மறுபடி தைத்தார்கள். 4.20-க்குக் குடல் சிவந்தது. அதன் பிறகே வயிற்றைத் தைத்து மூடினார்கள்.

நாலாம் நாள். நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். வராந்தாவில் அவர் மனைவியிடம் அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

"உங்க வீட்ல வேற யாருக்காவது இது இருந்துச்சாம்மா?"

"இவரோட அண்ணனுக்கு, சிஸ்டர். ஒம்பது வருஷம் ஆச்சு. வேற ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நல்லா முடிஞ்சதுன்னாங்க. ஆனா குடல் உள்ளேயே அழுகிப்போச்சு."

"அப்புறம்?" என்றார் அக்கா.

"ரெண்டு நாளு கத்தினாரு சிஸ்டர். திரும்பத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாரு. கடைசிவரைக்கும் யாருமே திறக்கல."