பதில் வராத ஸலாம்

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிஞ்ச கிழமை நடந்தது. பாலாவிக்குக் கிட்ட ஒரு ரயில் கடவையில கேட் மூடுற பொம்புள நான். கேட் என்றதும் பெரிசா நினைச்சிடாதீங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மூங்கில் தடி. ரயில் கோச்சி வரக்குள்ள கயிற்றால இழுத்து இறக்கிக் கம்பத்தில கட்டணும், அவ்வளவுதான்.

பின்னேரம் அஸர் தொழுதிட்டு என்ட கொட்டிலை விட்டு வெளியில வந்தா, கற்பிட்டி பஸ்ஸில வந்து இறங்கின ஒரு பொம்புள தண்டவாளத்தோரம் நிக்கிறா. ஸலாம் சொன்னேன். பதில் இல்ல. பெரிய இடத்து ஆள் போல என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்திச்சு. திரும்பி அவட முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கிச்சு, அவ என்னைப் பார்க்கவேயில்ல, கண் ரெண்டும் தண்டவாளத்திலயே நிக்குது.

அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனில இருந்து ஃபோன் கோல். கோச்சி வெளிக்கிட்டிட்டாம். ஒரு தடியை இறக்கிக் கட்டினேன். அவவைத் தள்ளி வரச் சொன்னேன், அவ அசையல்ல. ஓடிப்போய்ப் பிடிக்கவா? உதறிட்டு ஓடினா? யா அல்லாஹ், என்ன செய்ற? இன்னும் இறக்காத மத்தத் தடிக்கிட்ட குர்ஆன் ஓதப்போற புள்ளைகள்ட வேன் வந்து நிக்குது. வாயில வந்ததைச் சொன்னேன்.

"தங்கச்சி, எனக்குத் தனியா ஏலாது. இந்தக் கயிற்றைக் கொஞ்சம் பிடிங்க. வேனில புள்ளைகள் இருக்கு."

பச்சைப் பொய். கயிற்றைக் கட்டுற கம்பம் பக்கத்திலயே இருக்கு. ஆனா அவ வந்தா. வந்து பிடிச்சா. ரெண்டு பேருமா இழுத்துத் தடியை இறக்கி, அவட கைக்குப் பின்னால நானும் கயிற்றைப் பிடிச்சிட்டு, மத்தக் கையால கொடியைக் காட்டினேன். கோச்சி கடந்து போகுமட்டும் அவட கையையே பார்த்திட்டு நின்றேன்.

போன பிறகும் அவ கயிற்றை விடல்ல. விரலை ஒவ்வொன்றாத்தான் எடுத்து விட்டேன். என்ட கொட்டிலுக்குள்ள இருத்தி, பயந்து பயந்துதான் கேட்டேன், சாகணும் என்று வந்தீங்களா என்று.

"ஓம் ராத்தா," என்று என்னை அக்கா முறை வச்சுச் சொன்னா. சொன்ன பிறகுதான் அவக்கு அழுகை வந்திச்சு.

நம்பர் கேட்டு அவட நானாவுக்கு, கூடப்பொறந்த அண்ணனுக்கு, கோல் எடுத்து, அவர் வந்ததும் மூணு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநல டொக்டர் மருந்தும் கொடுத்து, பொறுமையா இருந்து கதைச்சார். இப்பவும் கிளினிக் போறா. போன மாசம் பஸ்ஸால இறங்கி வந்து, தூரத்திலயே அவதான் முந்தி ஸலாம் சொன்னா. நான் ஓடிப்போய்ப் பதில் சொன்னேன்.

இப்பெல்லாம் யாரும் ஸலாத்துக்குப் பதில் சொல்லாட்டி எனக்குக் கோபம் வாறதில்ல, பயம்தான் வருது. எழும்பிப் போய்ப் பக்கத்தில நிக்கிறேன்.