மயில் தின்ற மதியச் சோறு

போன வாரம் தீபாவளிச் சாமான் வாங்க மகளோடு லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தேன். ஒரு கடை வாசலில் கோலங்களைப் பாய் மாதிரி சுருட்டி வைத்திருந்தார்கள். ஸ்டிக்கர் கோலம். இரண்டடியில் ஒன்று, நாலடியில் ஒன்று.

"பெருசா எடுங்கக்கா, சின்னதுக்கு டபுள்!" என்றாள் விற்கிற பெண்.

சட்டென்று திரும்பினேன். "டபுள் இல்லம்மா, நாலு மடங்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடையில் விலை கேட்கவே கூச்சப்படுகிற ஆள் நான்.

"டீச்சரா அக்கா?" என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

டீச்சரெல்லாம் இல்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். இந்த ஒரு கணக்கை மட்டும் அரிசியில் கற்றேன்.

தீபாவளி வந்தால் அங்கே வரவேற்பறையில் சாய அரிசிக் கோலம் போடுவோம். கலரிங் கலந்த அரிசி பழைய பேப்பரில் காயும்போது, ஈரச் சாக்கில் ரோஜா சர்பத் கொட்டியது போல ஒரு வாசம் வரும். ஒரு வருடம் போட்ட மயில், தரைக்கல் கணக்கில் ஐந்துக்கு ஐந்து. பத்துக் கிலோ அரிசி பிடித்தது. அடுத்த வருடம் வந்த புது மேனேஜர் பத்துக்குப் பத்து கேட்டார். லைன் லீடர் கமலாக்கா பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

"வாயத்தான் தொறக்க மாட்டே, கணக்காச்சும் சரியா போடு. நம்ம லைன் மானம் லா!"

போட்டேன். மயில் இரண்டு மடங்கு, அதனால் அரிசி இருபது கிலோ.

மேனேஜர் பத்து மணிக்குப் பார்க்க வருகிறார். ஒன்பதுக்கே அரிசி தீர்ந்துவிட்டது. தலையும் உடம்பும் பளபளவென்று இருந்தன. தோகை வெறும் சாக்பீஸ் கோடு.

"என்னடி இது, கோழியா?" என்றார் கமலாக்கா.

"டபுளா வாங்கினேனேக்கா..." எனக்கு அழுகை முட்டியது. யாரையும் பார்க்காமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

தேநீர் கொண்டுவந்த கேண்டீன் ராணியக்கா தரைக்கற்களை எண்ணினார். "முன்ன அஞ்சஞ்சு இருபத்தஞ்சு கல்லு. இப்ப பத்துப்பத்து நூறு. நீளம் மட்டுமா வளந்துச்சு? அகலமும்தானே! நாலு மடங்கு வேணும் லா!"

சாயம் போட்டுக் காயவைக்க நேரமில்லை. ராணியக்கா போய், கேண்டீன் அரிசியைத் தள்ளுவண்டியில் மூட்டையோடு கொண்டுவந்து இறக்கினார். கையில் அள்ளி அள்ளிப் போட்டோம். மேனேஜர் வந்து, வால் மட்டும் ஏன் வெள்ளை என்று கேட்டார்.

"ஸ்பெஷல் மயில் சார்" என்றார் கமலாக்கா, கண் சிமிட்டாமல். மேனேஜர் மயில் பக்கத்தில் நின்று படமே எடுத்துக்கொண்டார்.

மதியம் கேண்டீனில் சோறு இல்லை. ஷிப்ட் முழுக்க மீ கோரேங் நூடுல்ஸ்தான். சோறு கேட்டவர்களுக்கெல்லாம் ராணியக்கா கரண்டியால் என்னைக் காட்டினார். "மயிலு சாப்பிட்டுருச்சு. அந்த டபுள்கிட்ட கேளு!"

அன்றிலிருந்து என் பெயர் டபுள். கல்யாண மொய் உறையில்கூட அப்படித்தான் எழுதினார்கள்.

இந்த வருடம் வீட்டு வாசலில் மகள் ஸ்டிக்கரை ஒரு நிமிடத்தில் ஒட்டிவிட்டாள். அப்போதெல்லாம் பொங்கல் வரைக்கும் மூலைமுடுக்கிலிருந்து பச்சையும் சிவப்புமாக அரிசி வந்துகொண்டே இருக்கும். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கேண்டீன் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ராணியக்காவும் இல்லை.

கடையில் அந்தப் பெண் "டபுள்" என்றதும் நான் திரும்பியது கணக்கைத் திருத்த அல்ல. யாரோ என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.