புள்ளி வைத்த எண்ணும் பிடிவாதக் கம்பைலரும்

சென்ற செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். அழைத்தவர் என் மனைவியின் அண்ணன் சங்கரலிங்கம். நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோவிலுக்குப் போவார்கள். இவர் புரோகிராம் எழுதுகிறார்!

காற்று காய்ந்தால் மில்லில் நூல் அறும். ஈரப்பதம் குறைந்ததும் தானாகவே நீரைப் புகையாகத் தூவும் ஒரு சின்னக் கருவியைச் செய்திருந்தார். நான்கு மணிக்கு அவர் வேலை பார்த்த மில்லின் மேனேஜர் பார்க்க வருகிறார். மணி மூன்று. கருவியோ… ஊமை.

"மாப்ளே, இந்தக் கம்பைலர் என்னைய வதைக்குது!"

கம்பைலர் என்றால்? நாம் எழுதியதைச் சரிபார்த்து, மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள். குறை இருந்தால் மாற்றாது – திருப்பி அனுப்பும். தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க்காக இருந்த எனக்கு அதன்மேல் உடனே மரியாதை வந்துவிட்டது.

வேண்டிய ஈரப்பதம் 57.5 என்று எழுதி, அடுத்த வரியிலேயே அதை 'ரவுண்ட்' செய்து முழு எண்ணாக்கச் சொல்லியிருந்தார் மச்சான். புள்ளி வைத்த எண்ணில் 32 பிட், 64 பிட் என இரண்டு வகை. நாம் வகையை எழுதாவிட்டாலும், எண் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்து இந்தப் புரோகிராம் மொழி தானே ஊகித்துக்கொள்ளுமாம். இங்கே எண் எங்கும் போய்ச் சேருமுன்பே ரவுண்ட் செய்யச் சொன்னதால், வகை தெரியவில்லை என்று ஒரு குறிப்போடு திருப்பி அனுப்பியிருந்தது.

"அம்புட்டு அறிவு இருக்குல்ல? இதையும் ஊகிச்சுக்கிட வேண்டியதுதானே!"

"எப்படி மச்சான்? எந்த செக்‌ஷன் ஃபைல்னே தெரியல. அதுக்குள்ள கையெழுத்துப் போடுன்னா எவன் போடுவான்? கடைசி வரியப் படிச்சீகளா?"

"இங்கிலீஷ்ல திட்டுது. அதைப் போயி யாரு படிப்பா?"

ஆட்சேபணைக் குறிப்பில் முதல் வரி கோபம். பரிகாரம் எப்போதும் கடைசி வரியில். இங்கேயும் இருந்தது – 'வகையைக் குறிப்பிடவும், உதாரணம் எஃப் 32.' அதாவது, 32 பிட் வகை.

காபியோடு வந்தார் மச்சானின் மனைவி. "அண்ணே, இன்னிக்கு ஓடலைன்னா இந்த ஒயரெல்லாம் பழைய இரும்புக்குப் போயிரும். சொல்லிட்டேன்!"

மச்சான் 'எஃப் 32' என்று தட்டினார். கம்பைலர் மௌனம். சம்மதம்தான்! கருவியில் ஏற்றினோம். புஸ்ஸ்… முதல் தூறல் முழுவதும் அந்த அம்மாள் முகத்தில். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

மேனேஜர் வந்தார், பார்த்தார். "நல்லாருக்கு அண்ணாச்சி. நூல் நூக்கிற ஸ்பின்னிங் செக்‌ஷன்ல ஒண்ணு மாட்டிப் பாப்போம். பொறவு, முறைப்படி ஒரு லெட்டர் மட்டும் குடுத்துருங்க."

லெட்டர் என்றதும் மச்சான் என் பக்கம் திரும்பினார். நான் பேனாவைத் திறந்தேன்.

கம்பைலரையே சமாதானம் செய்தாயிற்று – மேனேஜர் எம்மாத்திரம்!