மாஸ்டர் சொல்லித்தந்த ‘ஈச் வே’

சுப்பையா மாஸ்டர் காலமாகிவிட்டார் என்ற செய்தியை இரத்தோட்டை பஸ் கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். சாவுச் சடங்குகள் முடிந்த மறுநாளே அவருடைய மூத்த மகன் வந்து, “அப்பாவைப் பத்தி நாலு வார்த்தை எழுதித் தாங்க சார், முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்கு” என்று கேட்டார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்பதால் என்னிடம் வந்தார். என் மனதில் இருப்பது தெரிந்திருந்தால் வாசல்படி மிதித்திருக்க மாட்டார். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறேன், படிக்கட்டும்.

அன்னார் எந்தப் பள்ளியிலும் படிப்பித்தவர் அல்லர். மாத்தளை டவுனில் குதிரைப் பந்தயம் பிடிக்கும் ஒரு புக்கிக் கடையில் சீட்டு எழுதியவர். சீமையில் ஓடும் குதிரைகளுக்கு எங்கள் ஆட்கள் இங்கே காசு கட்டினார்கள். அந்த விளையாட்டின் பாஷையை விளங்கப்படுத்தியதால்தான் அவர் மாஸ்டர்.

கடைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கிளாஸ்களை வரிசையாக வைத்துப் பாடம் நடத்துவார். முதலாவது வரும் என்று கட்டினால் அது ‘வின்’. முதல் மூன்றுக்குள் வந்தால் போதும் என்றால் ‘பிளேஸ்’. அதற்குக் கிடைப்பது குறைவு. எல்லோரும் நம்புவது ‘பேவரிட்’. யாரும் நம்பாதது ‘அவுட்சைடர்’. அது வந்தால் அள்ளிக்கொண்டு போகலாம். பயந்தவர்களுக்கு ‘ஈச் வே’.

“பாதியை வின்னுக்குக் கட்டுங்க, பாதியைப் பிளேசுக்குக் கட்டுங்க. ஒண்ணு போனாலும் ஒண்ணு கையில நிக்கும்” என்பார். என் அப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஏலக்காய்த் தோட்டத்தில் முதுகு வளைந்த மனிதருக்கு, பயப்படுகிறவனுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

பிறகு, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்த தோட்டத்து ஆட்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தது. இந்தியாவா, இலங்கையா என்று ஒவ்வொரு லயத்து வரிசை வீட்டிலும் இதே பேச்சு. எங்கள் ஆட்கள் வக்கீலிடம் போகவில்லை, மாஸ்டரிடம் போனார்கள். அப்பாவோடு நானும் போனேன்.

“எதுங்க மாஸ்டர் கிடைக்கும்?” என்றார் அப்பா.

மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்தார். “யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் ஒரே குதிரையில கட்டாதீங்க. நீங்களும் சம்சாரமும் சின்னப்புள்ளையும் இந்தியாவுக்குப் போடுங்க. இந்தப் பெரியவன் சிலோனுக்குப் போடட்டும். எது கிடைக்குதோ, மத்தவங்க அந்தப் பக்கம் சேந்துக்கலாம்.”

அப்படியே செய்தோம். இரண்டும் கிடைத்தன. கிடைத்த பிறகு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சேர முடியாது என்பது பிரஜாவுரிமைக் கந்தோருக்குப் போன அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர்கள் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று மாத்தளை ஸ்டேஷனில் அம்மா என் சட்டையை விடவில்லை. தங்கச்சிதான் விரலைப் பிரித்துவிட்டாள். “போயிட்டு வர்றேன்டா” என்றார் அப்பா. திருச்சிப் பக்கம் ஒரு ஊரில் அவர் செத்துப்போன கடிதம் எனக்குக் கிடைத்தபோது கருமாதியும் முடிந்திருந்தது. கொள்ளி வைக்க வேண்டியவன் நான்.

அன்னார் பொய் சொன்னவர் அல்லர், யாரையும் ஏமாற்றியவரும் அல்லர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் என் ஆத்திரம் இன்னும் கூடுகிறது. ஏமாற்றியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

ஒருமுறை நேரிலேயே கேட்டேன். “உங்க வீட்டு விண்ணப்பத்தையும் பிரிச்சுத்தான் போட்டீங்களா மாஸ்டர்?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “இல்லையே தம்பி, நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் சிலோனுக்குப் போட்டோம். குடும்பத்தை வச்சு யாராவது பந்தயம் கட்டுவாங்களா?”

ஆயுளில் ஒரு குதிரைக்கும் அவர் காசு கட்டியதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

சாவு வீட்டுக்குப் போனேன். நாலு மகன்மாரும் நாலு பக்கம் பெட்டியைத் தூக்கினார்கள். மகள் பெட்டியின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. நான் வேலியோரம் நின்று எண்ணிப் பார்த்தேன்.

போய் வாருங்கள் என்று சொல்லித்தான் நாம் யாரையும் அனுப்புவோம். என் அப்பாவையும் அப்படிச் சொல்லித்தான் ரயில் ஏற்றினேன். உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போங்கள், மாஸ்டர்.