அமாவாசைக்கு வரும் வாச்சர்

செத்துப்போன அழகுமுத்துவுக்கு ஜீவராஜ் அனுப்பியிருந்த செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹட்டன் கடைவீதியில், சுப்பிரமணியம் முதலாளியின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் ஜீவராஜுக்கு ஒரு சின்னக் கடை. கேமரா, கம்ப்யூட்டர், வைஃபை எல்லாம் மாட்டிப் பூட்டிக் கொடுப்பான். அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு போனில் வாட்ஸ்அப்பை நோண்டிக்கொண்டிருந்தவன் கண்ணில் அது பட்டது. 'அண்ணே, நாளைக்கு வாறேன். ஏணிய எடுத்து வைங்க.' முந்தின மாதம் அனுப்பியது. அனுப்பிய நேரத்தில் அழகுமுத்து உயிரோடு இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஒற்றை டிக்கோடு கிடந்த செய்தியின் பக்கத்தில் இப்போது இரண்டாவது டிக் விழுந்திருந்தது. எதிராளியின் போனுக்குள் போய் இறங்கினால்தான் அது விழும்.

ஜீவராஜுக்குச் சோறு இறங்கவில்லை. பேய் பிசாசில் தனக்கு நம்பிக்கை கிடையாது என்று எப்போதும் சொல்லிக்கொள்கிறவன் அவன். கரன்ட் வேலை தெரிந்தவனுக்குப் பயம் எதற்கு என்பது அவன் கட்சி. இப்படிச் சொல்லிக்கொள்கிற ஆண்களையெல்லாம் மழைக்கால மூட்டத்தில் நோர்வூட் ரோட்டில் தனியாக பைக் ஓட்டவிட்டால் தெரியும், யார் எவ்வளவு சத்தமாய் முருகனைக் கூப்பிடுகிறார்கள் என்று.

அழகுமுத்து நோர்வூட்டுக்கு மேலே வெள்ளைக்கல் தோட்டத்து ஸ்டோரில் வாச்சர். தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ஜீவராஜ் கொழும்பில் பெட்டி தூக்கி, வயர் இழுத்து, தொழில் கற்று ஊர் திரும்பி முதன்முதலாய்ப் பிடித்த பெரிய வேலை அந்த ஸ்டோருக்கு வைஃபை பூட்டியது. தொழிலாளர் லயத்தில் பிறந்த பையனுக்கு இதெல்லாம் வருமா என்று கிளாக்கர்மார் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தபோது ஏணியைப் பிடித்தவர் அழகுமுத்து ஒருவர்தான். "ஏறுங்க தம்பி, நான் புடிச்சிருக்கேன்ல" என்பார். அவர் பிடித்தால் ஏணி பாறையில் ஊன்றியது மாதிரி நிற்கும்.

பாஸ்வேர்ட் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்குக் கூச்சத்தோடு தன் மகள் பேரைச் சொன்னார். பிரேமினி, பின்னால் அவள் பிறந்த வருஷம். அன்றிலிருந்து தோட்டத்துத் துரை முதல் வேலை மேய்க்கிற கண்டாக்கு வரை வாச்சர் மகளின் பேரைத் தட்டித்தான் இன்டர்நெட்டுக்குள் போனார்கள். அதில் மனிதருக்கு உள்ளூரப் பெருமை.

ஆவணி மாதம் ஸ்டோருக்குப் பின்னால் குளவிக்கூடு கலைந்து அவரைக் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நாளைக்கு வேலைக்கு வருகிறேன் என்று செய்தி அனுப்பிய ஜீவராஜ் மறுநாள் போனது சாவுவீட்டுக்கு.

அந்த மனிதருக்குத்தான் இப்போது செய்தி சேர்ந்திருக்கிறது. வெள்ளைக்கல் ஸ்டோரின் வைஃபையில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று ஹட்டனிலிருந்தே பார்க்க ஒரு ஆப் உண்டு. ஜீவராஜ் அதைத் திறந்தான். துரை, கிளாக்கர், தராசு, கேமரா. கடைசியில், அவனே ஒரு காலத்தில் பேர் போட்டுக் கொடுத்த போன்: 'அழகுமுத்து'. பக்கத்தில் பச்சைப் பொட்டு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. அடுத்த மாதமும் அப்படியே வந்தது, அப்படியே போனது. காலண்டரைப் புரட்டினான். இரண்டு நாளும் அமாவாசை.

இனிப் பொறுக்க முடியாது என்று மறுநாளே லயத்து வாசலில் போய் நின்றான். அழகுமுத்துவின் மனைவி லெட்சுமி தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, அப்போதுதான் கூடையை இறக்கி வைத்தாள்.

"அக்கா, அண்ணன் போனை யாரு வச்சிருக்கா?"

"யாரு வச்சிருப்பா? அவரு வேட்டி சட்டையோட பெட்டியில கெடக்கு." லெட்சுமிக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை. "அமாவாசைக்கு அவருக்குப் படைக்கிறப்ப எடுப்பேன். பீடி, சாராயம், கருவாட்டுக் கொழம்பு எல்லாம் வச்சிட்டு போனை வைக்காட்டி எப்பிடி? எந்நேரமும் அதையே தானே தடவிக்கிட்டு இருந்தாரு. செத்துக் கெடக்குற போனைப் படைக்கக் கூடாதுல்ல, அதுனால சார்ஜ் போட்டு, அமுக்கி, உசிரோட வைப்பேன். படையல் எடுத்ததும் அணைச்சிருவேன்."

லயம் ஸ்டோருக்கு நேர் கீழே. பின்சுவரில் மாட்டிய வைஃபை பெட்டி அது வரைக்கும் எட்டும். போனுக்குப் பழைய பாஸ்வேர்ட் மறக்கவில்லை. பேயுமில்லை, பிசாசுமில்லை. ஜீவராஜ் நிம்மதியாய் மூச்சு விடுவதற்குள் லெட்சுமி அடுத்ததைச் சொன்னாள்.

"அன்னைக்குத்தான் தம்பி எங்க பிரேமினிக்கும் சோறு எறங்கும்."

பிரேமினி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அப்பா சாவுக்கு அந்த வீட்டுக்காரர்கள் அவளை அனுப்பவில்லை. கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்காத மகள் தினமும் வேலை முடிந்து படுக்கும் முன் அப்பாவின் நம்பருக்குக் குரல் செய்தி அனுப்புகிறாள். அவர் செத்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் மாதம் முழுக்க ஒற்றை டிக்காய்ச் சேர்ந்து கிடப்பதெல்லாம் அமாவாசை மத்தியானம் ஒரேயடியாய் இரட்டை டிக் ஆகிவிடும். அப்பா வாங்கிக்கொண்டார் என்று தாய்க்குப் போன் போட்டுச் சொல்வாள்.

"நீங்க அதைத் தொறந்து கேக்குறதில்லையாக்கா?"

"அய்யய்யோ! அவருக்கு வந்ததை நான் எப்பிடிக் கேக்குறது?"

போய்ச் சேராத செய்தியை வாட்ஸ்அப் ஒரு மாதம்தான் வைத்திருக்கும். பிறகு அழித்துவிடும். லெட்சுமிக்கு அது தெரியாது. ஆனாலும் ஒரு மாதம் முழுசாய் நிறைவதற்குள் அவள் படையல் வந்துவிடுகிறது. இதை நினைத்தபோது ஜீவராஜுக்கு மறுபடியும் உடம்பு சிலிர்த்தது. பைக்கை மெதுவாய் ஓட்டிக்கொண்டு வந்தான்.

தை பிறந்ததும் தோட்டக் கம்பனியின் கொழும்புத் தலைமை ஆபீசிலிருந்து நிலக்ஷி பேசினாள். கம்பனியின் கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் அவள் பொறுப்பு. ஸ்டோர், ஆபீஸ், பங்களா, கொழுந்து நிறுக்கிற மடுவம் என்று எல்லாவற்றுக்கும் புது வைஃபை பெட்டிகள் வேண்டும். எல்லாம் கிளவுட் வழியாய்க் கொழும்பிலிருந்தே ஒரே திரையில் பார்த்து நடத்துகிற மாதிரி இருக்கவேண்டும். எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். பழைய வைஃபை பேர், பழைய பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் தூக்கிவிடலாம் என்றும் சொன்னாள்.

வேறு நேரமாயிருந்தால் ஜீவராஜ் துள்ளிக் குதித்திருப்பான். இப்போது அவன் நினைப்பெல்லாம் லெட்சுமியின் பெட்டியில் கிடந்த போன்மேல் இருந்தது. பழைய பாஸ்வேர்ட் போனால் அழகுமுத்துவின் போன் வாசலோடு நின்றுவிடும். அங்கே குவைத்தில் ஒருத்தியின் பேச்செல்லாம் ஒன்றொன்றாய் அழிந்து போகும்.

மூன்று கம்பனிப் பெட்டிகளை வரவழைத்துக் கடையிலேயே கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தான். முதலாவது பேர்போன சாமான். ஆனால் வருஷச் சந்தா கட்டத் தவறினால் பெட்டி படுத்துவிடும். தோட்டத்தில் பில் ஒன்று மேசை மேசையாய் நகர்கிற வேகம் அவனுக்குத் தெரியும். இரண்டாவது மலிவு. கிளவுட்டோடு தொடர்பு அறுந்தால் புதிதாய் ஒருவரையும் உள்ளே விடாது. காற்றடித்து மரம் விழுந்து லைன் அறுவது நோர்வூட் பக்கம் சர்வசாதாரணம். போதாததற்குப் புதுவகைப் பாஸ்வேர்ட் பூட்டு மட்டும்தான் அதற்குத் தெரியும். மடுவத்துப் பழைய தராசுகளுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. மூன்றாவது, லைன் அறுந்தாலும் தன்பாட்டில் வேலை செய்தது. புதுப் பேருக்குப் பக்கத்திலேயே பழைய பேரையும் பழைய பூட்டையும் வைத்துக்கொள்ள விட்டது.

மூன்றாவதையே சிபாரிசு செய்து, அழகுமுத்து இருந்த காவல் கூண்டுக்கும் ஒரு பெட்டி கேட்டு எழுதினான். சந்தா, லைன், தராசு என்று காரணங்களை அடுக்கினான். எல்லாம் நேர்மையான காரணங்கள்தான். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

நிலக்ஷி விடுகிறவள் இல்லை. "ஸ்டோருக்குப் பின்னால காவல் கூண்டுல எதுக்கு ஒரு பெட்டி? அங்கால வெறும் தேயிலை தானே?"

"பின்பக்கக் கேமராவுக்கு, மிஸ்."

"பழைய லிஸ்ட்ல அழகுமுத்துன்னு ஒரு ஆள். யாரு?"

"வாச்சர், மிஸ்."

"மாசத்துல ஒரு நாள்தான் காட்டுது?"

ஜீவராஜுக்குப் பொய் வாயில் வரவில்லை. "ஆமா மிஸ். அமாவாசைக்கு மட்டும் வருவாரு."

நிலக்ஷியின் குரல் தணிந்து வந்தது. "சரி, அந்தப் பேர் இருக்கட்டும்."

காவல் கூண்டில் பெட்டியை மாட்டிய அன்று மூட்டம் இறங்கி, எட்டடி தூரத்துத் தேயிலைகூடத் தெரியவில்லை. ஏணி பிடிக்கக் கூப்பிட்ட ஆள் வரவில்லை. ஈரமண். சும்மா ஒரு படி ஏறிப் பார்க்கலாம் என்று ஏறினான். ஏணி ஆடவில்லை. இன்னொரு படி, இன்னொரு படி. உச்சியில் நின்று இரண்டு கையாலும் ஆணி அடித்தான். ஏணி பாறையில் ஊன்றியது மாதிரி நின்றது. குனிந்து பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. வேலை முடிந்து இறங்கி, கூண்டுப் படியில் உட்கார்ந்து, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அந்த நம்பருக்கு ஒரு வரி அனுப்பினான். ஒற்றை டிக் விழுந்தது.

அடுத்த அமாவாசை மத்தியானம் ஜீவராஜ் கடையைப் பாதி சாத்திவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்தான். புதுப் பெட்டிகள் எல்லாம் பச்சை. தராசுகள் பச்சை. அழகுமுத்து மட்டும் வரவில்லை. படையல் நேரம் தாண்டியது. அப்போதும் வரவில்லை. தேர்ந்தெடுத்ததில் எங்கேயோ பிழை விட்டுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு பைக்கை எடுத்தான். இன்று விட்டால் நாளையிலிருந்து பிரேமினியின் செய்திகள் அழியத் தொடங்கிவிடும்.

லெட்சுமி வாசலில் குந்தியிருந்தாள். அடுப்பு பற்றவைத்த மாதிரித் தெரியவில்லை.

"வட்டவளையில பங்காளி வீட்ல ஒரு சாவு, தம்பி. தீட்டு. இந்த மாசம் படையல் கெடையாது."

வைஃபை பெட்டியில் பிழையில்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட ஜீவராஜுக்கு முடியவில்லை. ஒரு மாதக் கணக்கை லெட்சுமிக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னான். அவள் முகம் வெளிறிவிட்டது.

"அழிஞ்சிருமா? புள்ள பேசுனது எல்லாமேயா?"

"மொதல்ல பேசுனதுல இருந்து ஒவ்வொண்ணா போயிரும்க்கா."

உள்ளே போக எழுந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். "நான் தொடமாட்டேன். நீங்க பங்காளி இல்ல, உங்களுக்குத் தீட்டு இல்ல. உள்ள போயி பெட்டியத் தொறந்து நீங்களே எடுங்க. வீட்டுக்குப் போயி தலைக்குக் குளிச்சிருங்க." பிறகு சொன்னாள்: "இங்க வச்சு உசிரு குடுக்காதீங்க. அவரு எடத்துக்குக் கொண்டு போங்க."

வேட்டிக்கும் சட்டைக்கும் நடுவிலிருந்து போனை எடுத்து, தன் பையிலிருந்த பவர் பேங்கில் கொளுவிக்கொண்டு ஜீவராஜ் காவல் கூண்டுக்கு ஏறினான். லெட்சுமி கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் வந்து தேயிலை ஓரமாய் நின்றுகொண்டாள். கூண்டுக்குள் இருளடைந்து கிடந்தது. சுவரோடு ஏணி. அவன் பொத்தானை அமுக்கினான்.

திரை விழித்தது. மேலே வைஃபை அடையாளம் நிறைந்தது. அவன் மாட்டிய பெட்டி, செத்தவரை உள்ளே எடுத்துக்கொண்டது.

போன் அவன் கைக்குள் துடிக்கத் தொடங்கியது. பிரேமினி, பிரேமினி, பிரேமினி என்று நிற்காமல் வந்து விழுந்தது. ஒரு மாதத்துப் பேச்சு. நடுவில் வேறொரு பேர் எட்டிப் பார்த்தது: 'ஏணித் தம்பி'. அழகுமுத்து தன்னை இப்படித்தான் பதிந்து வைத்திருந்தார் என்பது ஜீவராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் கீழே அவன் அனுப்பிய வரி, அவன் கையிலேயே வந்து நின்றது.

'அண்ணே, ஏணிய நீங்கதான் புடிச்சீங்களா?'

அவன் அதைத் தொடவில்லை. கண்ணைத் துடைப்பதற்குள் போன் சத்தமாய் அடித்தது. பிரேமினி அழைக்கிறாள். இத்தனை மாதத்தில் அவள் செய்தி மட்டும்தான் அனுப்பியிருக்கிறாள், ஒருநாளும் அழைத்ததில்லை. நேரம் தவறி விழுந்த இரட்டை டிக்கைக் கண்டு மனசு தாங்கவில்லைபோல. எதிர்ப் போன் அணைந்து கிடந்தால் வாட்ஸ்அப்பில் 'அழைக்கிறது' என்று மட்டும் காட்டும். இந்தப் பக்கம் நிஜமாய் மணி அடித்தால்தான் 'ஒலிக்கிறது' என்று மாறும். குவைத்தில் அந்தப் பிள்ளை இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எடுக்கட்டுமாக்கா?"

லெட்சுமி வேண்டாம் என்று தலையாட்டினாள். சேலைத் தலைப்பு வாயில் இருந்தது. "இங்க மணி அடிக்கிறது அவளுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா."

"அப்ப அடிக்கட்டும்."

ஜீவராஜ் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏணியைப் பிடிக்கிறவர் மாதிரி அசையாமல் நின்றான். அது அடித்துக்கொண்டே இருந்தது.